கல் நடக்காது

12 மே 2001

அன்புள்ள யாஞ்மா அக்காவுக்கு,

மந்தை கொழுத்திருக்கிறதா, வசந்தம் சுகமாகக் கழிந்ததா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். என்னிடம் மந்தை இல்லை. வசந்தம் எப்படிக் கழிந்தது என்பதை உன் அடுப்படியில் உட்கார்ந்தே பார்த்துவிட்டேன். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

சொல்லாமல் கிளம்பியது தப்புதான். ஆனால் தேநீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தத்துக் கொடுக்கிற அந்தத் தாளை வைத்தது யார்? "கையெழுத்துப் போட்டுடுடா தம்பி, புள்ளைக்கு ஒரு வீடு வேணும்" என்று நீ சொன்னது, அடுத்த கூடாரத்தில் போய் ஒரு கிண்ணம் மாவு கேட்கிற மாதிரி இருந்தது. நோமின் கதவருகே குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் காதில் அது விழுந்ததா இல்லையா என்பதுதான் இங்கே வந்த நாள் முதல் எனக்கு யோசனை.

கோபம் இருக்கிறது, குற்றம் சொல்ல வாய் வரவில்லை. ஒத்கோன் செத்த பிறகு, தாயில்லாத நோமினுக்குத் தலைவாரிவிட்டவள் நீ. அடுத்தடுத்து இரண்டு ஜுத் குளிர்காலம் வந்து, பனிக்கட்டி மேய்ச்சலை மூடி, என் ஆடுகள் நின்ற இடத்தில் நின்றபடியே விறைத்தபோது எங்கள் இருவரையும் கூட்டிப்போய்ச் சோறு போட்டவளும் நீ. குழந்தை இல்லாத வீட்டில் ஒரு குழந்தை ஓடுவது உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் ஓடிவந்தேன்.

இப்போது கேள். எட்டு வருஷத்துக்கு முன் வெளிநாட்டுக் குழுவோடு டைனோசர் எலும்பு தோண்டப் போனேனே, அந்தக் கோடையின் கடைசி வாரத்தில் ஒன்றைக் கண்டேன். முழு உடம்பு. யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய கோடையில் நான் கண்ட மண்டையோட்டை வேறொருவன் பெயரில் எழுதிக்கொண்டு, என் கையில் ஒரு டப்பா இனிப்புப் பாலைக் கொடுத்து அனுப்பினார்கள். இது என் பெயரில் இருக்கட்டும், அடுத்த வருஷம் நானே காட்டுகிறேன் என்று மண்ணைத் தள்ளி மூடினேன். அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை. பிறகு கல்யாணம், நோமின், ஆடுகள். ஆடு இருக்கிறவனுக்கு எலும்பு எதற்கு?

அருங்காட்சியகத்து ஷரவ் ஐயாவை நீ பார்த்திருக்கிறாய், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டியிருப்பாரே, அவர்தான். குளிர்காலத்தில் அவரைப் பிடித்துக் கேட்டேன். "முழு உடம்பு ஒண்ணக் காட்டு தெம்பெரல். செப்டம்பர்ல லாரி வரும், உன்னையும் ஏத்திக்கிட்டுப் போறேன். வேலை, ஒரு அறை, எதிர்லயே பள்ளிக்கூடம்" என்றார். விற்கப் போவதில்லை அக்கா, திருட்டு இல்லை.

ஆகவே இது என் வாக்கு. செப்டம்பர் லாரி வரும்போது அந்த உடம்பு வெளியே இருந்தால் நோமின் என்னோடு நகரத்துக்கு வருவாள். இல்லையென்றால் உன் தாளில் கையெழுத்துப் போடுகிறேன், அதற்கப்புறம் வாய் திறக்க மாட்டேன்.

எங்கே இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். கடிதத்தையும் தண்ணீர்ப் பீப்பாயையும் கொண்டுவருகிற தாம்பா எல்லாவற்றையும் பிரித்துப் படிக்கிறவன். இடம் அவனுக்குத் தெரியும், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று தன் லாரி மேல் சத்தியம் செய்திருக்கிறான். எதைத் தேடுகிறேன் என்பது இப்போது தெரிந்துவிடும். தாம்பா, படித்து முடித்ததும் ஒழுங்காக ஒட்டு.

தம்பி
தெம்பெரல்

2 ஜூன் 2001

தம்பி தெம்பெரலுக்கு,

மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும். உன் கடிதம் மாவுப் பசையால் ஒட்டப்பட்டு வந்தது. நம் வீட்டில் மாவை அப்படி வீணாக்க மாட்டோம்.

மாவு கேட்கிற மாதிரிக் கேட்டேனாம். வேறு எப்படிக் கேட்க வேண்டும்? அழுதுகொண்டே கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா? மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் நான், பெயர் வைக்கும் வயது வரை ஒன்றும் தங்கவில்லை. அழுகையெல்லாம் அங்கேயே செலவாகிவிட்டது. உன் மச்சான் லுவ்சன் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போடுகிறவர், அவருக்கும் வயதாகிறது. செப்டம்பரில் பள்ளியில் சேர்க்கும்போது, இந்தப் பிள்ளை யாருடையது, பொறுப்பு யார் என்று கேட்பார்கள். அப்பா கோபிப் பாலைவனத்தில் எலும்பு பொறுக்கப் போயிருக்கிறார் என்று எழுதவா?

நோமினுக்கு அது கேட்டதா என்று கேட்டாய். கேட்டது. நீ போன அன்று உன் இடுப்புத் துணியை எடுத்துத் தலையணைக்குள் திணித்துக்கொண்டாள். லாரிச் சத்தம் கேட்டால் வெளியே ஓடுகிறாள், தாம்பா தனியாக இறங்கியதும் உள்ளே வந்துவிடுகிறாள். எதுவும் கேட்பதில்லை. கேட்டால் தேவலை.

நிலத்துக்கு அடியில் இருப்பவை நாகர்களுடையவை. அவர்கள் உறங்குகிற இடத்தைக் கிளறியவன் வீட்டில் மூன்று தலைமுறைக்கு நோய் என்று லாமா சொல்லியிருக்கிறார். நீ சிரிப்பாய். சிரி. செம்மேட்டு ஓவோவுக்கு அடுத்த மாதம் பூஜை. உனக்கு அது வழிப்போக்கர்கள் ஆளுக்கொன்று வைத்துச் சுற்றிப்போகிற கற்குவியல். எனக்கு அது கோயில். மூன்று கோடைக்கு முன் அங்கே நானும் மடியில் கல் சுமந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே வேண்டுதல். என்ன வேண்டினேன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் காலையில் தேநீரின் முதல் கரண்டியை எல்லாத் திசைக்கும் தெளிக்கிறேன். நீ எந்தத் திசையில் இருக்கிறாய் என்று தெரியாததால் எதையும் விடுவதில்லை.

இத்துடன் அனுப்புவது: தேயிலைக் கட்டி ஒன்று, காய்ந்த தயிர்க்கட்டி ஒரு பை நிறைய, உப்பு, ஊசி இரண்டு, உன் பழைய கம்பளிச் சட்டை முழங்கை தைத்தது.

அக்கா
யாஞ்மா

24 ஜூன் 2001

அக்கா,

தயிர்க்கட்டி ஒரு பை நிறைய என்று எழுதியிருந்தாய். வந்தது அரைப் பை. மீதி தாம்பாவின் மீசையில் இருந்தது. கேட்டதற்கு, "வழியில காத்து பலம்ணே, பறந்துபோச்சு" என்றான். பைக்கு முடிச்சுப் போட்டிருக்கிறதே என்றேன். "அதான்ணே சொல்றேன், அவ்வளவு காத்து" என்றான். பல நாள் கழித்து நான் சிரித்தது அப்போதுதான்.

வேலை நடக்கிறது. நடக்கிறது என்றால், குழி ஆழமாகிறது. விடிந்ததும் தோண்டுகிறேன், வெயில் ஏறியதும் தார்ப்பாய்க்குள் படுத்துவிடுகிறேன், சாய்ந்ததும் மறுபடி தோண்டுகிறேன். வெள்ளையாக எது தட்டுப்பட்டாலும் நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். எலும்பு என்றால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும், கல் என்றால் வழுக்கிவிடும். இதுவரை எல்லாம் வழுக்கிவிட்டன. என் நாக்கில் இப்போது ருசி என்று ஒன்றும் இல்லை, உன் தயிர்க்கட்டியும் சுண்ணாம்பு மாதிரிதான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதே.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அடையாளம் வைத்துவிட்டுப் போனேன். அடையாளம் இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது. அதிலிருந்து அளந்த இடத்தில்தான் தோண்டுகிறேன். எலும்பு இல்லை. ஒரு முழம் தள்ளித் தோண்டினேன், இல்லை. எதிர்ப் பக்கம் தோண்டினேன், இல்லை. போகிற வருகிறவர்கள் நான் தோண்டுகிற இடத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு கிழவர் குதிரையை நிறுத்தித் துப்பிவிட்டுப் போனார். புழுதிக்குப் பயந்து முகத்தில் துணி சுற்றியிருக்கிறேன். அதுவும் நல்லதாகப் போயிற்று.

நோமினுக்கு இதைச் சொல். அப்பா தேடுகிறது பெரிய பூதம் இல்லை, வான்கோழியைவிடக் கொஞ்சம் பெரியது, அலகு உண்டு. நான் பார்த்தபோது அது குந்தி உட்கார்ந்திருந்தது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து வளைத்து வைத்திருந்தது. அடியில் முட்டைகள். மணற்சரிவு வந்து மூடுகிற வரை எழுந்திருக்கவே இல்லை போலிருக்கிறது. எழுந்து ஓட அதற்குக் கால் இருந்தது, நல்ல நீளமான கால்.

தெம்பெரல்

20 ஜூலை 2001

தம்பிக்கு,

மும்மணிகள் காக்க. நாதம் விளையாட்டு விழா முடிந்தது. இந்த வருஷம் குதிரைப் பந்தயத்தில் ஓடியதைவிடச் செத்த குதிரைகளைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். உன் டைனோசர் கதையை நோமினிடம் சொன்னேன். "முட்டை பொரிச்சுதா அத்தை?" என்றாள். தெரியாது என்றேன். "அப்பாவுக்குத் தெரியும்" என்றாள்.

மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தாம்பா கிளம்புவதற்குள் அவசரமாக எழுதுகிறேன். எங்கள் செம்மேட்டு ஓவோவின் காலடியில் எவனோ ஒரு பாவி குழி வெட்டுகிறான். பூஜைக்குப் போனபோது பார்த்தோம். நீலப்பட்டு கட்டிய கம்பத்துக்கு நேர் கீழே, திறந்த புண் மாதிரி ஒரு குழி. ஆளைக் காணவில்லை, தார்ப்பாயை மட்டும் விட்டுவிட்டு எங்கோ ஒளிந்துகொண்டான். உனக்கே தெரியும், ஓவோவைச் சுற்றி மண்வெட்டி படக் கூடாது, அங்கே சிறுநீர்கூடக் கழிக்க மாட்டோம். லாமா குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பெண்கள் நாங்கள் கைகளால் மண்ணைத் தள்ளி மூடினோம். மறுநாளே அவன் மறுபடி வெட்டியிருக்கிறான்.

அப்புறம் மேற்கு மேய்ச்சல் ஆட்கள் போய் அவன் தண்ணீர்ப் பீப்பாயை உடைத்து, தார்ப்பாயைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தார்களாம். நல்லது செய்தார்கள். நான் என் பங்குக்கு ஒரு நெய் விளக்கு ஏற்றினேன். என் வாழ்க்கையில் யாருக்கும் கெடுதல் வேண்டி விளக்கு ஏற்றியதில்லை. அந்த மண்வெட்டியைப் பிடிக்கிற கை முடமாகட்டும் என்று வேண்டி ஏற்றினேன். மூன்று பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, நாலாவதை அந்த இடத்தில்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைத் தோண்டினால் நான் எங்கே போவேன்?

லாமாவின் பேச்சு உனக்குப் பிடிக்காது, போதும். நீயாவது யாருடைய ஓவோவுக்கும் பக்கத்தில் போகாதே.

இத்துடன் அனுப்புவது: மாவு, உலர்ந்த இறைச்சி ஒரு கட்டு, நோமின் வரைந்த படம். படத்தில் கால் நீளமாக இருப்பது நீயாம்.

யாஞ்மா

4 ஆகஸ்ட் 2001

அக்கா,

அந்தக் கை என்னுடையது.

உன் விளக்கு நன்றாக எரிந்திருக்கிறது. நீ கடிதம் எழுதிய அந்த வாரத்திலேயே குழியின் விளிம்பு சரிந்து, ஒரு பாறைத்துண்டு வலது கை மேல் விழுந்தது. இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருப்பது அதனால். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு விளக்கிலும் நம்பிக்கை இல்லை, சாபத்திலும் இல்லை. பாறை விழ வேண்டிய நேரத்தில் விழுந்தது.

ஆமாம், நான் இருப்பது செம்மேட்டில்தான். உன் வீட்டிலிருந்து லாரியில் அரை நாள். நீங்கள் பூஜைக்கு வந்த அன்று எதிர் மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோமின் பச்சைச் சட்டை போட்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். நீ மண்ணைத் தள்ளி மூடும்போது அவளும் சின்னக் கைகளால் தள்ளினாள். என்னைத்தான் மூடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. கூப்பிட்டிருக்கலாம். உங்கள் எல்லார் முகத்தையும் பார்த்த பிறகு இன்னும் பின்னால் ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொண்டேன்.

இனிமேல் எதை மறைத்து என்ன ஆகப் போகிறது. எட்டு வருஷத்துக்கு முன் அந்தக் கற்குவியலை வைத்தவனே நான்தான். என் எலும்புக்கு அடையாளமாக வைத்தேன். இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, உச்சியில் ஒரு கந்தல் நீலத்துணியையும் செருகினேன். வேண்டுமென்றேதான். ஓவோ என்று நினைத்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல் வைப்பார்கள், குவியல் வளரும், பக்கத்தில் ஒருவனும் மண்வெட்டி போட மாட்டான் என்று கணக்குப் போட்டேன். இந்த நாட்டில் இதைவிட நல்ல பூட்டு கிடையாது. வசந்தத்தில் வந்து பார்த்தால் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பட்டும் கம்பமும் காசும் பால் கறையுமாக நிற்கிறது. என் பொய்க்கு ஊரே பால் ஊற்றியிருக்கிறது என்று சிரித்தேன். நீ அங்கேதான் வேண்டிக்கொள்கிறாய் என்று உன் முதல் கடிதத்தில் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் எலும்பு இல்லையே அக்கா. குவியலிலிருந்து ஒரு ஒட்டகக் கயிற்றின் நீளம், இலையுதிர்காலச் சூரியன் விழுகிற பக்கம். இதை நான் கனவில்கூட மறந்ததில்லை. குவியலை மேட்டின் தோளில் வைத்ததாக ஒரு ஞாபகம் இருந்தது, இப்போது பார்த்தால் அது தலையில் நிற்கிறது. என் ஞாபகம்தான் பிசகியிருக்க வேண்டும். மனுஷன் மறப்பான், கல் நடக்காது. ஓவோவிலிருந்து ஒரு கல்லை எடுக்கிறவன் இந்தக் கோபியில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் கல்லைத்தான் நம்பினேன், சுற்றிச் சுற்றித் தோண்டினேன். நான் கண்டது கனவோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

ஷரவ் ஐயாவின் லாரி வர ஒரு மாதம்கூட இல்லை. பீப்பாய் உடைந்த பிறகு தண்ணீர் என்றால் தாம்பா கொடுக்கிற ஒரு கேன் மட்டும்தான். தாளைத் தயாராக வைத்திரு.

தெம்பெரல்

11 ஆகஸ்ட் 2001

தெம்பெரல்,

நடந்தது தம்பி. கல் நடந்தது. நாங்கள்தான் நடத்திக்கொண்டு போனோம்.

மூன்று வருஷத்துக்கு முன் மழை பொய்த்த அந்தக் கோடையில் லாமா வந்து பார்த்துவிட்டு, "ஓவோ மேட்டோட தலையில நிக்கணும், தோள்ல குந்திக்கிட்டு இருக்கு, அதான் வானம் திறக்கல" என்றார். நாள் பார்த்து, மந்திரம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஊரே சேர்ந்து ஒவ்வொரு கல்லாகத் தூக்கி அடுத்த மேட்டின் உச்சிக்குக் கொண்டுபோனோம். ஒரு கல்லையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்று பழைய இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் வந்தோம். நான் மடியில் கல் சுமந்தேன் என்று எழுதினேனே, அது அன்றைக்குத்தான்.

நீ தேட வேண்டியது அந்த மேட்டில் இல்லை. வடக்கே அடுத்த மேடு, ஒற்றைச் சாக்சால் மரம் நிற்கிறதே, அதன் தோள். மரத்துக்கும் வெள்ளைக் கோடு ஓடுகிற பாறைக்கும் நடுவில் இருந்தது குவியல். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தப் பாறையில் சாய்ந்துதான் மூச்சு வாங்கினேன். போ. இதைப் படித்த உடனே போ.

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு பகல் ஆயிற்று. லுவ்சன் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என் மடியில் வைத்தார். பிறகு, "எழுதாத யாஞ்மா. செப்டம்பர் போகட்டும். நாம பொய் சொல்லல, சும்மா இருக்கோம், அவ்வளவுதான்" என்றார். கெட்டவர் இல்லை அவர். நோமினுக்குப் பள்ளிக்கூடப் பை தைத்துவைத்திருக்கிறார், நிலக்கரிக் கையோடு உட்கார்ந்து. சும்மா இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் நான் கல் சுமந்தபோது என்ன வேண்டினேன் என்பதை நினைத்தேன். ஒரு பிள்ளையைக் கொடு என்று வேண்டினேன். எந்தக் கல்லை எடுத்துக்கொண்டு கேட்டேனோ, அந்தக் கல்லை எடுத்ததாலேயே நீ தோற்றுக்கொண்டிருக்கிறாய். நீ தோற்றால் பிள்ளை எனக்கு. வேண்டுதல் இப்படித்தான் பலிக்கிறதா? இப்படியென்றால் எனக்கு வேண்டாம்.

ஒரு பொய்க் குவியலுக்கா இத்தனை நாள் பால் ஊற்றினேன் என்று உன்மேல் வருகிற ஆத்திரத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். முதலில் எலும்பை எடு. கையை உப்பு நீரில் கழுவு.

இத்துடன் அனுப்புவது: சுத்தமான துணி, உப்பு, மாவு. மாவைத் தின்னாதே, எலும்புக்குப் பசை காய்ச்ச. விளக்கை அணைத்துவிட்டேன்.

அக்கா

6 செப்டம்பர் 2001

அக்கா,

நீ சொன்ன இடம் சரி. மரத்துக்கும் வெள்ளைக்கோட்டுப் பாறைக்கும் நடுவிலிருந்து கயிறு பிடித்து அளந்தேன். என் ஞாபகமும் சரி. அது கனவு இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

மண் மிருதுவாக இருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, நான் தெரியாதது போல் இன்னும் கொஞ்சம் தோண்டினேன். முதலில் வந்தது வோட்கா போத்தல். அப்புறம் எலும்பை மடிக்கக் கொண்டுவந்த செய்தித்தாள், பாதி மட்கியது. தொண்ணூற்றொன்பது, ஏப்ரல். நீங்கள் கற்களைத் தூக்கிப்போன அடுத்த வசந்தம்.

ஐந்து வருஷம் அந்தக் குவியலுக்குப் பயந்து யாரும் அங்கே மண்வெட்டி வைக்கவில்லை. குவியல் போனதும் அது வெறும் மேடு. வெறும் மேட்டை யார் வேண்டுமானாலும் தோண்டலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் விற்கிறவர்கள் தோண்டியிருக்கிறார்கள். தலை விலை போகும், நகமுள்ள கைகள் விலை போகும். அவற்றைக் கோடாலியால் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை நொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். தோள் எலும்பில் வெட்டுக்காயம் இருக்கிறது. முட்டைகளை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள், உள்ளே ஏதாவது இருக்குமா என்று. நோமினிடம் சொல்ல வேண்டாம்.

ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். பிடித்துக்கொண்டது. வேனில் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தேன். எடுக்க மனசு வராமல் அப்படியே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஷரவ் ஐயாவின் லாரி வந்தது. குழிக்குள் இறங்கி மண்டியிட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழு உடம்புன்னு சொன்னியேப்பா" என்றார். இருந்தது ஐயா என்றேன். "இருந்துதுன்னா மேலிடத்துக்கு என்னான்னு எழுதுவேன்?" என்றார். நல்ல மனுஷர். எனக்காக வருத்தப்பட்டார். ஒரு டப்பா இனிப்புப் பாலும் கொடுத்தார். நான் சிரித்ததைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. அவரோடு வந்த வைத்தியர்தான் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார். விட்டால் கையே போகும் என்றார்.

நீ சும்மா இருந்திருக்கலாம் அக்கா. எழுதாமல் இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன், அவ்வளவுதான். என் ஞாபகம் பிசகியது, எலும்பு எங்கோ பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கிழவனாகியிருப்பேன். உன்னைக் குறை சொல்லவில்லை. மச்சான் சொன்னதில் ஒரு இரக்கம் இருந்தது என்று மட்டும் அவரிடம் சொல்.

வடக்கே தங்கக் குழிகளுக்கு ஆள் எடுக்கிறார்களாம். அங்கே விரல் எண்ணிப் பார்ப்பதில்லை. தாம்பா பாதி வழி ஏற்றிக்கொண்டு போகிறான். நோமினிடம் வந்து சொல்லிக்கொண்டு போக என்னால் முடியாது. போகிற வழியில் உன் வீட்டுப் புகை தெரியும், அதுபோதும்.

நீ எழுதுகிற மாதிரி நானும் எழுதுகிறேன். இத்துடன் அனுப்புவது: தாள், கையெழுத்துப் போட்டது, இடது கையால். இனிப்புப் பால் டப்பா ஒன்று, நோமினுக்கு. தாம்பா, இதை மட்டும் திறக்காதே.

தெம்பெரல்

21 அக்டோபர் 2001

தம்பிக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. தாம்பா எப்போதாவது உன்னைக் கண்டால் கொடுக்கட்டும். பால் டப்பா திறக்காமல் வந்து சேர்ந்தது. "அண்ணன் அழுதுகிட்டே குடுத்தாருக்கா, எப்படித் திறப்பேன்" என்றான் தாம்பா. நோமினும் திறக்கவில்லை. தலையணைக்குள் இடுப்புத் துணியோடு அதுவும் சேர்ந்திருக்கிறது.

முதல் பனி விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உன் தாளை லுவ்சன்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆசிரியை நோமினிடம் என்ன சொன்னாளோ, அன்று சாயங்காலம் அடுப்புக்குச் சாணி எடுத்துக் கொடுத்துக்கொண்டே, யாரோ சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி, "இந்தா, அம்மா" என்றாள். லுவ்சன் வெளியே போய்விட்டார். நான் சாணியை வாங்கி அடுப்பில் வைத்தேன். எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்த சொல். கையில் வாங்கிய பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்டுக்குப் பிறகு நான் ஓவோவுக்குப் போகவில்லை. லாமாவிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தாங்க மாட்டார். சனிக்கிழமை நோமின் தானாகவே கேட்டாள், "என்னையும் கூட்டிட்டுப் போ" என்று. தாம்பாவின் லாரியில் போனோம். உன் குழிகள் பனியில் பாதி மூடியிருந்தன. அவள் ஒரு கல்லைப் பொறுக்கி, பனியைச் சட்டையில் துடைத்து, கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இங்க என்ன வேண்டினாலும் நடக்குமா அத்தை?"

அத்தை என்றுதான் சொன்னாள். அங்கே ஆசிரியை இல்லை.

நீயாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாய். இது உன் அப்பா பொய்க்கு அடுக்கிய கல் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மைதான். ஆனால் நடக்காது என்று நான் எப்படிச் சொல்வேன் தம்பி? எனக்கு நடந்திருக்கிறது. கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது, யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லவில்லை.

"நடக்கும்" என்றேன்.

அவள் கல்லை வைத்தாள். வலமாகச் சுற்றினாள். உதடு அசைந்தது. என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. அது நடந்தால் இந்தத் தடவை யாரிடமிருந்து எடுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் பின்னாலேயே நானும் ஒரு கல்லை எடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

இத்துடன் அனுப்புவது: தேயிலை, தயிர்க்கட்டி, கம்பளிக் கையுறை ஒரு ஜோடி. வலது கைக்கு இரண்டு விரல் குறைத்துப் பின்னியிருக்கிறேன். எந்த விரல்கள் என்று நீ எழுதவில்லை. தவறாக இருந்தால் திருப்பி அனுப்பு, பிரித்துப் பின்னுகிறேன்.

அக்கா
யாஞ்மா